ஆத்தாவின் வாயில் வராத பேர்

பானையில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், அடியில் நெருப்பே இல்லாமல் அது தானாகக் குமுறிக் கொதித்து மூக்கைக் கரிக்கிற ஓர் ஆவியைக் கிளப்புமே, அந்த நெடி எங்கேயாவது பட்டால் போதும், இன்றைக்கும் நான் அந்த இடத்தில் நிற்கமாட்டேன். ஐப்பசி மழை கொஞ்சம் மூச்சு விடுகிற நாட்களில் எங்கள் ஊர்ச் சனம் கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கி, சாய்ந்த குருசுகளை நிமிர்த்தி, வெள்ளையடிக்கும். வெள்ளை காய்வதற்குள் 'ஆத்துமாக்கள் திருநாள்' வந்துவிடும். செத்தவர்களுக்கான நாள்தான் என்றாலும், பிள்ளைகளுக்கு அது மெழுகுவத்தி உருகி வழிந்ததைச் சுரண்டி உருண்டை பிடித்து விளையாடுகிற கொண்டாட்டம். எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஒன்பது வயது ஆகிற வரைக்கும்.

புதுக்கோட்டையிலிருந்து கந்தர்வக்கோட்டை போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி முந்திரிக்காட்டுக்குள் நடந்தால் எங்கள் ஊர். வானம் பார்த்த கடலைக் கொல்லைகள், ஒரு குளம், ஓடு போட்ட ஒரு மாதா கோயில். சாமியார் பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் மணியடிப்பதும் செபம் சொல்லிக்கொடுப்பதும் எங்களை அதட்டுவதும் உபதேசியார் வேலை.

பேர் விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு மாதிரியானவர்கள். ஆளுக்கு இரண்டு பேர். வயலிலும் சண்டையிலும் புழங்குவது 'தெருப் பேர்': கட்டையன், கம்பு, செவிடன் என்று. (அந்தச் செவிடனுக்குப் பாம்புக் காது.) ஞானஸ்நானத்தில் கொடுத்தது 'கோயில் பேர்'. அது பெட்டியில் மடித்து வைத்த கல்யாண வேட்டி மாதிரி, தலையில் தண்ணீர் ஊற்றும்போதும் தாலி கட்டும்போதும் மண் போடும்போதும்தான் வெளியே வரும். உபதேசியார் ஞாயிறு தவறாமல் சத்தம் போடுவார்: "கடைசி நாள்ல ஆண்டவரு 'அடேய் கட்டையா'ன்னா கூப்புடப் போறாரு? கோயில் பேரைச் சொல்லித்தான் கூப்புடுவாரு. அப்ப யாரையோ கூப்புடுறாகன்னு முழிச்சுக்கிட்டு நிக்காதீங்க!" சிரிப்போம். ஆனால் உள்ளுக்குள் எல்லோருக்கும் அந்தப் பயம் உண்டு. பிறந்து மூச்சுத் திணறுகிற சிசுவுக்கு மருத்துவச்சியே அவசரமாகத் தண்ணீர் ஊற்றி ஒரு பேரை வைத்துவிடுவாள். பேரில்லாமல் ஓர் உயிரை அனுப்பிவிட்டால் அங்கே அதை என்னவென்று கூப்பிடுவார்கள்? தன் ஆடுகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மேய்ப்பன் என்று சாமியார் பிரசங்கம் வைத்தால், ஆட்டுக்கிடை போடுகிறவர்களைத் தினமும் பார்க்கிற எங்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

என் அப்பாவின் கோயில் பேர் சூசை. புருஷன் பேரைப் பெண்சாதி சொல்லக் கூடாது, சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாச் சனத்துக்கும் பொதுவான கட்டு. என் ஆத்தா மரியபுஷ்பம் அந்தக் கட்டை மீறாதவள். ஆனால், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரிக்கு இதில் ஒரு தனி வம்பு இருக்கிறது. மாதாவின் புருஷர் சூசையப்பரை விட்டுவிட்டு எந்த வேதக்காரி செபம் சொல்ல முடியும்? அந்தி செபம் முடிகிற இடத்தில் 'சேசு, மரி, சூசை' என்று மூன்று பேரையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஆத்தா 'சேசு, மரி' என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் 'சூசை' என்பேன். சூசையப்பர் மாதம் முழுக்க அவள் பாடு பெரும் பாடு. 'அந்தப் புண்ணியவானே, மாதாவுக்குத் துணை நின்னவரே' என்று சுற்றி வளைத்தே செபத்தை ஓட்டுவாள்.

பக்கத்து வீட்டு ஞானம்மா அவளைச் சும்மா விடமாட்டாள். "ஏண்டி மரியபுஷ்பம், சாகையில அந்த மூணு பேரையும் சொன்னாத்தானடி மோட்சம்? நீ ரெண்டோட நிறுத்துனா வாசல்லயே நிக்கணும்டி."

"எம் மக சொல்லுவா, போடி" என்பாள் ஆத்தா.

ஆமாம், நான்தான் அவளுடைய வாய். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் அப்பா பேரைக் கேட்டாலும், அரிசி கார்டுக்கு வந்த ஆள் கேட்டாலும், "சொல்லு தாயி" என்று என் முதுகைத் தட்டுவாள். நான் நிமிர்ந்து நின்று கணீரென்று சொல்வேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அந்தப் பேர்க்காரரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்த வருஷம் அப்பா கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனார். மழை பொய்த்து, கடலை காய்ந்து, வேறு வழியில்லாமல் போன பிழைப்பு. கன்னத்தில் தாடி முள் குத்தியதும், தோளில் உட்கார்ந்து தேர் பார்த்ததும் மட்டும் எனக்கு நினைவு. முதலில் கடிதாசு வந்தது, அப்புறம் எப்போதாவது வந்தது, அப்புறம் வரவில்லை. நாங்கள் போட்டதற்கும் பதில் இல்லை.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம், கண்டியிலிருந்து திரும்பிய பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார். "போன அடைமழையில மலை சரிஞ்சு ஒரு லயமே மண்ணுக்குள்ள போயிருச்சுங்க. அதுல ஒரு புதுக்கோட்டையானும் போயிட்டானாம்" என்றார். லயம் என்பது தோட்டத்து வேலையாட்கள் குடியிருக்கிற வரிசை வீடு. போனவர் பேர் என்ன என்று கேட்டதற்கு, "அங்கிட்டு யாருங்க பேரைச் சொல்றா? திருச்சியான், சேலத்தான், புதுக்கோட்டையான், அம்புட்டுத்தான்" என்று சொல்லி, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கண்டிக்குப் போனவர்கள் கொஞ்சநஞ்சமா? ஒரு பேர் தெரிந்திருந்தால் ஒன்று அழுது தீர்த்திருப்போம், இல்லை இன்னொரு வீட்டு அழுகைக்காக இரக்கப்பட்டுவிட்டு நிம்மதியாகச் சோறு தின்றிருப்போம். பேர் தெரியாததால் இரண்டுமில்லாமல் அந்த மனுஷர் விட்டுப்போன வார்த்தைக்குள் எங்களை வைத்துப் பூட்டியது போல் ஆகிவிட்டது.

அப்பாவுக்கு மூத்தவர் சவரிமுத்து பெரியப்பா. பனங்கிழங்கு வாங்கினாலும் எனக்கு ஒரு கட்டு வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அப்படிப்பட்டவருக்குத் தூக்கம் போயிற்று. காலையில் வந்து முற்றத்தில் நின்றுகொண்டு சொல்வார்: "தம்பி கனவுல வர்றான், புஷ்பம். 'அண்ணே, என்னைய யாருமே கூப்புட மாட்டேங்கிறீங்களே'ங்கிறான். தண்ணி குடுத்தா வாங்க மாட்டேங்கிறான்."

ஆத்தா மூத்தாருக்கு நேரே வந்து பேசமாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வாள்: "பெரியவுகளுக்குச் சொல்லு தாயி. அவுக உசிரோடதான் இருக்காக. கனவெல்லாம் ஒரு சாட்சியான்னு கேளு." நான் அதைத் திருப்பிச் சொல்வேன். பெரியப்பா அதற்கு ஏதாவது சொல்வார். அதையும் திருப்பிச் சொல்வேன். நடுவில் நின்று என் கழுத்துதான் வலித்தது.

அந்தச் சண்டை எதைப் பற்றியது என்று உங்களுக்கு விளங்க வேண்டுமானால் எங்கள் கல்லறை வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆத்துமாக்கள் திருநாள் அன்று சாமியார் ஒவ்வொரு குழியாக வந்து நின்று "யாருக்கு?" என்று கேட்பார். அந்த வீட்டுப் பிள்ளை கோயில் பேரைச் சொல்லும். சாமியார் அந்தப் பேரைத் திருப்பிச் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். சுற்றி நிற்கிற சனம் இளைப்பாற்றி செபம் சொல்லும். கேட்க ஒரு வாய், சொல்ல ஒரு வாய், வாங்கிக்கொள்ள ஊர் வாய். எல்லாம் சேர்ந்தால்தான் அந்தப் பேர் மேலே போய்ச் சேரும், உத்தரிக்கிற ஸ்தலத்தில் வெந்துகொண்டிருக்கிற ஆத்துமாவுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்கும். ரங்கூனிலும் கொழும்பிலும் கடலிலும் போனவர்களுக்குத்தான் இங்கே குழி கிடையாதே, அவர்களுக்காகத் தோட்டத்தின் நடுவில் 'பெரிய குருசு' நின்றது. அதன் அடியில் சொன்ன பேர் செத்தவர் பேர், அதில் மறுபேச்சு இல்லை. அந்த வாரமே பெண்டுகள் நாலு பேர் வந்து தாலியை இறக்கி வெள்ளைச் சேலையைக் கொடுத்துவிடுவார்கள். இன்னொன்றும் உண்டு. பெற்ற பிள்ளை ஒன்று இருக்கும்போது வேறு யார் சொன்னாலும் அந்தப் பேர் எடுபடாது.

எங்கள் வீட்டில் பெற்ற பிள்ளை நான் ஒருத்திதான்.

பெரியப்பா என்னை அதட்டவில்லை. அதட்டியிருந்தால் எதிர்த்துக்கொண்டு ஓடியிருப்பேன். குளத்தங்கரையில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நீ சொன்னாத்தான் தாயி ஒங்கப்பனுக்கு விமோசனம். சொல்லலேன்னா தவிச்ச வாய்க்குத் தண்ணியில்லாமக் கெடப்பான். பெத்தவனுக்கு இதுகூடச் செய்ய மாட்டியா?" என்றார். வீட்டுக்கு வந்தால் ஆத்தா என் தலையைச் சீவிவிட்டபடியே, "அங்க போயி நீ வாயத் தொறந்தா ஒங்கப்பனை நீயே உசிரோட குழியில எறக்குற மாதிரி. பாத்துக்க" என்றாள். சீப்பு இழுத்த இழுப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் அப்பாவைக் கொல்கிறவள். ஒரு பிள்ளை மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று யாருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. இரண்டு பேருமே அவர் மேல் வைத்த ஆசையினால்தான் இப்படிச் செய்தார்கள் என்பது அந்தக் கோபத்தைக் குறைப்பதே இல்லை.

அதற்குப் பிறகு அந்தப் பேரை எங்கே சொன்னாலும் ஆபத்து என்று எனக்குப் பட்டுவிட்டது. அந்தி செபத்தில் ஆத்தா 'சேசு, மரி' என்று நிறுத்தினால் நானும் பேசாமல் இருந்தேன். அவளும் கேட்கவில்லை. ஞானோபதேச வகுப்பில் திருக்குடும்பத்தில் யார் யார் என்று உபதேசியார் கேட்டபோது இரண்டு பேரைச் சொல்லிவிட்டு நின்றேன். "மூணாவது ஆளை எங்கடி விட்ட?" என்று கேட்டார். கையில் பிரம்படி விழுந்தது. அடி பரவாயில்லை என்று இருந்தது, அடிக்காவது ஒரு முடிவு உண்டு.

காய்ச்சல் வரவேண்டும் என்று குளத்துத் தண்ணீரில் கிடந்து பார்த்தேன். வரவில்லை. முந்திரிக்காட்டுக்குள் ஒளிந்து பார்த்தேன், எறும்பு கடித்து நானே வெளியே வந்தேன். கடைசியில் மழையை நம்பினேன். விடாமல் கொட்டினால் சாமியார் சைக்கிளில் வரமாட்டார் அல்லவா? திருநாள் அன்று காலையில் கொட்டத்தான் செய்தது. பூசைக்கு மணியடிக்கும்போது பளிச்சென்று வெளுத்துவிட்டது. அன்றைக்கு வானத்தின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைப் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொல்லவில்லை.

மத்தியானத்துக்கு முன் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். என் ஒரு கையை ஆத்தா பிடித்திருந்தாள், மறு கையைப் பெரியப்பா பிடித்திருந்தார். குழிகளெல்லாம் முடிந்து சாமியார் பெரிய குருசடிக்கு வந்தார். உபதேசியார் தீர்த்தச் செம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். "யாருக்கு?" ரங்கூனில் போன ஒருவர் பேரைச் சொன்னார்கள். "யாருக்கு?" கடலில் போன இருவர் பேரைச் சொன்னார்கள். பெரியப்பா என் தோளில் கையை வைத்து முன்னே நகர்த்தினார். சாமியார் என்னைப் பார்த்துக் குனிந்தார்.

"யாருக்கு, பாப்பா?"

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பெரியப்பாவின் கை தோளை அழுத்தியது, பின்னால் ஆத்தாவின் மூச்சு கேட்டது, சனம் எல்லாம் என் உதட்டையே பார்த்தது. அந்த இடத்தில் நின்றபடியே செத்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன்.

"சூசை" என்று ஒரு குரல் கேட்டது.

என் குரல் இல்லை. அந்தக் குரல் அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டதே கிடையாது. ஞானம்மா "அடி பாவி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஆத்தா என்னைத் தன் பின்னால் இழுத்து விட்டுவிட்டு, மூத்தார் நிற்கிறார், ஊர் நிற்கிறது என்று பாராமல் சாமியாருக்கு நேரே நின்றாள்.

"அவுக பேரு சூசைங்க, சாமி. எம் புருசன். செத்துட்டாகன்னு இவுகளுக்குத் தெரியாது. உசிரோட இருக்காகன்னு எனக்கும் தெரியாது. தெரியாதவுகளுக்குச் சொல்ல ஒங்ககிட்ட ஒரு செபம் இருக்குங்களா?"

புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று முழுக்க முழுக்க நம்பிய பெண் அவள் என்பதை மறந்துவிடாதீர்கள். அவரைச் செத்தவர்களோடு சேர்க்காமல் காப்பாற்ற அவளுக்கு இருந்த ஒரே வழி, அவரைக் கொல்லும் என்று அவள் பயந்த அந்த வழிதான். என் வாயிலிருந்து எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

சாமியார் அவள் கழுத்துத் தாலியைப் பார்த்தார். "சூசை" என்று திருப்பிச் சொன்னார். ஆனால் தீர்த்தக் கோலைத் தூக்கவில்லை. "இங்கிட்டு வேணாம்மா. ஞாயித்துக்கிழமை கோயில்ல பிரயாணத்துல இருக்கவங்களுக்குச் செபம் சொல்லுவம்ல, அங்க சொல்லு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் "யாருக்கு?" என்று திரும்பிவிட்டார். பெரியப்பா குருசின் அடிப்படியில் உட்கார்ந்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, பிள்ளை மாதிரி அழுதார்.

அடுத்த ஞாயிறு கோயிலில் ஆத்தா என் முதுகைத் தட்டினாள். நான் "சூசை" என்றேன். அவள் மறுபடி அந்தப் பேரைச் சொல்லவில்லை, அதோடு சரி. அதற்குப் பிறகு வருஷக்கணக்காக ஞாயிறுதோறும் சொன்னேன். எங்கள் கோயில் பங்கிலேயே அவ்வளவு காலம் பிரயாணத்தில் இருந்த மனுஷர் என் அப்பா ஒருவர்தான். பெரியப்பா என்னிடம் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தான் சாகிற வரைக்கும் படுக்கப் போகுமுன் வாசற்படியில் ஒரு செம்பில் தண்ணீர் வைத்தார். ஊர் ஆத்தாவை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தது. கல்யாண வீட்டில் தாம்பாளத்தைத் தொட அவளைக் கூப்பிடமாட்டார்கள், இழவு வீட்டில் கைம்பெண்களோடு உட்காரவும் விடமாட்டார்கள். கோயிலில் கட்டுக்கழுத்திகள் முன்னால், கைம்பெண்கள் பின்னால். ஆத்தா நடுத்தூணை ஒட்டித் தனியாக முட்டி போட்டாள், தாலியோடு.

அவள் போய்ச் சேர்ந்தது என் தலை நரைத்த பிறகு. கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே சொல்லிரு தாயி. எனக்குக் குழி இருந்தாலும் எம் பேரையும் பெரிய குருசடியிலயே சொல்லு, அப்ப கூடவே அவுக பேரையும் சொல்லிரு. தனியா மட்டும் சொல்லிறாத."

அந்த வருஷம் ஆத்துமாக்கள் திருநாளுக்கு ஊருக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர் வந்திருந்தது, இரும்புக் கேட் வந்திருந்தது, கல்லறைகளில் டைல்ஸ் பதித்திருந்தார்கள். புதுச் சாமியார் மைக்கின் முன்னால் நின்று, "இங்கே துயில்கிற அனைவருக்காகவும்" என்று சொல்லி, நாலு பக்கமும் தீர்த்தத்தை வீசிவிட்டுக் காரில் ஏறினார். அவரையும் குறை சொல்ல முடியாது, கூட்டம் பெரிசு, அடுத்த ஊரில் பூசை. பேர் கொடுக்க வேண்டுமானால் கவரில் எழுதிப் போடலாமாம், பீடத்தில் வைப்பார்களாம், வாசிப்பதில்லையாம். பக்கத்தில் நின்ற இளம்பெண்ணிடம், குழிக்குக் குழி பேர் கேட்கமாட்டார்களா என்று விசாரித்தேன். "இப்ப யாரு பாட்டி ஒவ்வொண்ணாக் கேட்டுக்கிட்டு இருக்கா? கடவுளுக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியும்தான், அவருக்குத் தெரியாமலா? ஆனால் காலியான கல்லறைக்கு முன்னால் அழுதுகொண்டு நின்றாளே மதலேன் மரியாள், எதிரில் உயிர்த்து வந்து நிற்பவர் ஆண்டவர்தான் என்று அவளுக்குப் பிடிபடாதபோது, எனக்குத்தான் உன்னைத் தெரியுமே என்று அவர் பேசாமல் இருந்துவிட்டாரா? பேர் சொல்லிக் கூப்பிட்டார், அப்புறம்தான் அவள் திரும்பினாள். இதை அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

நீயே வாய்விட்டுச் சொல்லிவிட்டு வரவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் போன பிறகு குருசடியில் நின்று முயன்று பார்த்தேன். "மரியபுஷ்பம்" என்பது வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அப்பா இருந்தால் இப்போது நூறு வயதைத் தாண்டியிருக்கும், இனி இருக்கமாட்டார் என்று சொல்ல யாரும் வேண்டியதில்லை. ஆனாலும் அவர் இன்னும் செத்தவர்களோடு சேரவில்லை. அவர்கள் இரண்டு பேரும் எனக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறார்கள். வருஷம் தவறாமல் போகிறேன். யாராவது என் முகத்தைப் பார்த்து "யாருக்கு?" என்று ஒரு தரம் கேட்டால் போதும், சொல்லிவிடுவேன்.